மெத்தைக்கடை வீட்டில் தெள்ளு

1. நகர்ந்து வந்த சாக்கு

ஐப்பசி மாதத்து அடைமழை ஒருநாள் ஓய்ந்திருந்த காலை. நான் வேலை பார்த்த மாட்டாஸ்பத்திரி வாசலில் ஒருவர் சாக்கு ஒன்றை இறக்கி வைத்தார். இறக்கி வைத்த சாக்கு தானாகவே இரண்டடி நகர்ந்தது. உள்ளேயிருந்து வந்த உறுமலைக் கேட்டதுமே கடுவன் பூனை என்று சொல்லிவிட்டேன். இந்த மாதிரி விஷயங்களில் எனக்குத் தப்பு வருவதில்லை. தப்பு வந்த இடம் வேறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நடந்தது இது. அப்போது நான் மதுரையில் கால்நடைக் கம்பவுண்டர். மருந்து கலக்குவது, கட்டுப் போடுவது, கடிக்க வரும் நாயின் வாயைக் கட்டுவது எல்லாம் என் வேலை. கொட்டாம்பட்டிப் பக்கம் பிறத்தியார் மாடுகளை மேய்த்த குடும்பத்தில் பிறந்தவன். மாட்டைப் பிடிக்கத் தெரியும் என்றுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். மருந்தை நானாகப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். நாய் மேலும் வீட்டுக்குள்ளும் இருக்கும் தெள்ளுப்பூச்சியை ஒழிப்பதில் எனக்குத் தனிப் பெயரே இருந்தது. "தெள்ளுன்னா கருப்பையாகிட்டப் போங்க" என்று டாக்டர் ஐயாவே ஆட்களை என் பக்கம் தள்ளிவிடுவார்.

சாக்கோடு வந்தவர் காதர் பாய். டவுனுக்குள் பள்ளிவாசல் தெருவில் பஞ்சு மெத்தைக்கடை வைத்திருந்த குடும்பம். கடையை நடத்திவந்த அவருடைய அண்ணன் இறந்து பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி வாங்க. நாலு பேர் காதுல விழக்கூடாது" என்றார்.

"என்ன பாய், பூனையக் களவாண்டுட்டு வாரீகளா?"

"அட, நீங்க வேற ஏண்ணே. எங்கண்ணன் வளத்த பூனை. பேரு நவாபு. இதால வீடு பூராத் தெள்ளு. தரையில கால வைக்க முடியல. மெத்தக்கடைக்காரன் வீட்ல தெள்ளுன்னு வெளிய தெரிஞ்சா, எவண்ணே எங்க மெத்தையில படுப்பான்?"

நியாயமான பயம். சாக்கின் வாயை அவிழ்த்தேன். மண்ணெண்ணெய் நாற்றம் குப்பென்று அடித்தது. பூனைக்கு வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. முதுகில் தோல் சிவந்து கிடந்தது.

"சீமெண்ணெய் தடவுனது யாரு?"

"நான்தான். தடவுனா ஓடிரும்னாக."

"உங்க முதுகுல நான் தடவுறேன், ஓடுதா பாப்பமா? பூனை நாள் பூரா ஒடம்ப நக்குற சென்மம் பாய். மேல எதத் தடவுனாலும் அது வயித்துக்குள்ள போகும். நாயிக்கு ஊத்துற பினாயில் தண்ணியக்கூட இது மேல ஊத்தக்கூடாது. செத்துப்போகும்."

காதர் பாய் மெல்லச் சொன்னார். "செத்தாலும் பரவால்லண்ணே. ஒரு ஊசியப் போட்டு முடிச்சுருங்க. இல்லாட்டி உங்க ஊர்ப் பக்கம் போறப்ப எங்கனயாச்சும் விட்டுருங்க."

"இது உங்க மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது. மதினி இத்தாவுல இருக்கு. பிள்ளகுட்டியும் இல்ல. இந்தப் பூனைகிட்டதான் பேசிக்கிட்டுக் கெடக்கு."

புருஷனை இழந்த முஸ்லிம் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார்கள். வெள்ளைச் சேலைதான் உடுத்துவார்கள். வீட்டு வாசலைத் தாண்ட மாட்டார்கள், அந்நிய ஆண்கள் முன் வரமாட்டார்கள். அப்படி அடைந்து கிடக்கும் ஒரு மனுஷியின் ஒரே துணையை அவளுக்குத் தெரியாமல் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருக்கிறார் இந்த ஆள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் நான் பெரிதாகப் பேசிவிடுவேன். அன்றைக்கும் பேசினேன்.

"பூனையையும் கொல்ல வேணாம், விடவும் வேணாம். தெள்ள நான் ஒழிச்சுத் தாரேன்."

"நாப்பதாம் நாள் பாத்தியா ஓதச் சொந்தக்காரக அம்புட்டுப் பேரும் கூடத்துல பாய் விரிச்சு உக்காருவாக. அன்னைக்கு ஒருத்தர் காலச் சொறிஞ்சாலும் பூனை வீட்ல இருக்காது. சொல்லிட்டேன்."

"ஒரு தெள்ளு இருந்தாலும் நானே சாக்குல போட்டு எடுத்துட்டுப் போறேன், போதுமா?"

இதைச் சொல்லும்போது என்னைப் பிடிக்க ஆளில்லை.

2. கழுத்தில் நுரை

பூனையை முதலில் நல்லபடியாகக் குளிப்பாட்டி மண்ணெண்ணெயைப் போக்கினேன். தெள்ளு இருக்கிற பிராணியைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முதுகில் தண்ணீர் ஊற்றினால் தெள்ளு அவ்வளவும் தலைக்கு ஏறிக் காதுக்குள்ளும் கண்ணோரத்திலும் புகுந்துகொள்ளும். அதனால் எடுத்தவுடன் கழுத்தைச் சுற்றி மாலை மாதிரி சோப்பு நுரை போட வேண்டும். அந்த நுரையைத் தெள்ளு தாண்டாது. அப்புறம்தான் உடம்புக்கு வெதுவெதுப்பான தண்ணீர். நவாபு என் கையில் நாலு இடத்தில் கீறியது. அதன் மேல் எனக்குக் கோபமில்லை. மண்ணெண்ணெய் தடவிய கைக்கும் என் கைக்கும் அதற்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

துவட்டியபின் பேன் சீப்பால் வாரினேன். சீப்பில் வந்த கரும்பொடியை நனைந்த வெள்ளைத் துணியில் தட்டினால் சிவப்பாகக் கரையும். அது தெள்ளின் எச்சம், குடித்த ரத்தம். துணி பூராவும் சிவந்ததைப் பார்த்ததும் காதர் பாயின் முகம் கோணியது. சீப்பில் அகப்பட்ட தெள்ளை நசுக்க முடியாது, துள்ளிவிடும். சோப்புத் தண்ணீரில் முக்கினால் அமிழ்ந்து செத்துவிடும்.

"பூனை சுத்தமாயிருச்சுல்லண்ணே? பெறகென்ன?" என்றார்.

"பூனை மேல இருந்தது கால்வாசிதான் பாய். மிச்சமெல்லாம் உங்க வீட்டுத் தரையில கெடக்கு. முட்டை, புழு, கூடுன்னு தரைச் சந்துலயும் பாய்க்கடியிலயும் இருக்கும். வீட்டப் பாக்கணும்."

"அப்ப சாயங்காலம் வாங்க. அந்தப் பினாயில் டப்பாவ மட்டும் துணிப்பையில மறைச்சு எடுத்துட்டு வாங்கண்ணே."

3. திரைக்கு அந்தப் பக்கம்

வீட்டைத் தெள்ளிலிருந்து மீட்க அப்போது எனக்கென்று ஒரு முறை இருந்தது. ஆட்களை வெளியேற்று, வேப்பிலையும் கந்தகமும் போட்டுப் புகை மூட்டு, வீட்டைப் பூட்டு. பதினைந்து நாள் ஆளே இல்லாவிட்டால் மிச்சம் இருக்கும் தெள்ளும் பட்டினி கிடந்து சாகும். போன வாரம்தான் தல்லாகுளத்தில் ஒரு ஹெட்கிளார்க் வீட்டை அப்படிப் பூட்டச் சொல்லி, குடும்பத்தை மாமனார் ஊருக்கு அனுப்பியிருந்தேன். அந்த வீட்டில் என்னைப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். வேலை முடிந்ததும் நான் நின்ற இடத்தைக் கழுவினார்கள். தெள்ளை விட என்னிடம்தான் அவர்களுக்குப் பயம் அதிகம் போல.

மெத்தைக்கடை வீட்டில் முன்வாசல் வழியாகவே கூட்டிப்போனார் காதர் பாய். டீயும் வந்தது. நடுக்கூடத்தில் ஒரு கெட்டித் திரை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் அவருடைய மதினி ஜுலைகா பீவி. வேலைக்காரம்மா மைமூன் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வருவார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"அம்மா, பதினஞ்சு நாளைக்கு வீட்டக் காலி பண்ணிக் குடுத்துருங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே, இத்தாவுல இருக்கவுக வீட்ட விட்டு எப்படிண்ணே வெளிய போவாக?"

காலையில் அவர் சொன்னதுதான். என் முறையைப் பற்றிய பெருமையில் அது மூளையில் ஏறவே இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போது அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. தணிந்த குரல். ஆனால் தடுமாற்றம் இல்லை.

"கம்பவுண்டர் அண்ணே, நவாபச் சாக்குல கட்டுனது எனக்கு இப்பத்தான் தெரியும். உசுரோட திருப்பிக் கொண்டுவந்ததுக்கு அல்லா உங்கள நல்லா வச்சிருக்கட்டும். என்ன செய்யணும்னு சொல்லுங்க. உள்ள நான் செய்றேன்."

வேறு வழியில்லாமல், ஆட்கள் வீட்டிலிருக்கும்போதே செய்ய வேண்டியதைச் சொன்னேன். தினம் இரண்டு வேளை மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை உடனே அடுப்பில் போட வேண்டும். தரைச் சந்துகளில் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர் ஊற்ற வேண்டும். பாய், போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் அலச வேண்டும். ஆஸ்பத்திரியில் ஒருவகைச் செவ்வந்திப் பூவைக் காயவைத்து அரைத்த பூச்சிப்பொடி உண்டு. பூனைக்கு அதில் கொஞ்சம் தூவி வாரினால் போதும். பூனை நடமாடுகிற வீடு என்பதால் பினாயில் டப்பாவை நான் பையை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

"எங்க அதிகம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார் ஜுலைகா பீவி.

நான் வெள்ளை வேட்டியை நனைத்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடப்பேன், துள்ளி ஏறும் தெள்ளு வெள்ளையில் கரும்புள்ளியாகத் தெரியும் என்றேன்.

"நான்தான் வெள்ளை உடுத்தி இருக்கேனே. நானே நடந்து எண்ணிச் சொல்றேன்" என்றார்.

இந்த மனுஷி நம்மைப் போல வேலை தெரிந்தவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஒருமுறை நான் போவேன். திரைக்குப் பின்னாலிருந்து கணக்கு வரும். "கூடத்துல பதினாலு, அடுப்படியில மூணு, முற்றத்து ஓரம் ஒம்பது." எந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரிலும் அவ்வளவு சுத்தமான கணக்கை நான் பார்த்ததில்லை.

முதல் நாளே இன்னொன்றும் கேட்டிருந்தேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அறை பூட்டிக் கிடந்தது.

"அது அவுக மெத்தை தைக்கிற ரூமு. அவுக உசுரு போயி மவுத்தான அன்னைக்குப் பூட்டுனது" என்றார் ஜுலைகா பீவி.

"பூட்டியே இருக்கட்டும்மா, ரொம்ப நல்லது. உள்ள தெள்ளு இருந்தாலும் பட்டினியில செத்துரும்" என்றேன். நான் செய்த தப்பு இதுதான்.

4. தல்லாகுளத்துக்காரர் வந்தார்

இரண்டு வாரத்தில் கூடத்துக் கணக்கு பதினாலிலிருந்து ஆறுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. அடுப்படி சுத்தம். ஆனால் முற்றத்து ஓரத்திலும் கூடத்திலும் தினம் ஐந்தாறு. பூனையை வாரினால் தினம் புதிதாக நாலு. எங்கிருந்து வருகிறது என்று எனக்கே புரியவில்லை. முப்பதாம் நாளும் வந்துவிட்டது. காதர் பாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சாக்கு பத்திரமா இருக்குண்ணே" என்று சொல்ல ஆரம்பித்தார்.

அந்த நேரத்தில்தான் தல்லாகுளத்து ஹெட்கிளார்க் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். மாமனார் வீட்டுச் சாப்பாடு பிடித்துப்போய் மூன்று வாரம் கழித்துத்தான் ஊருக்குத் திரும்பியிருக்கிறார். நேராக டாக்டர் ஐயாவின் மேஜை முன் நின்று பஞ்சகச்சத்தை முழங்காலுக்கு மேல் தூக்கினார். இரண்டு காலும் முழங்கால் வரைக்கும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது.

"கதவத் தொறந்து ரெண்டு எட்டு வச்சேன் சார். மழை மாதிரி வந்து ஏறிடுத்து! போறச்சே பத்து இருந்தது, இப்ப பத்தாயிரம்! இந்தக் கம்பவுண்டர் தெள்ள ஒழிச்சானா, வளத்தானா?"

டாக்டர் ஐயா என்னைப் பார்த்தார். "என்னய்யா கருப்பையா, பூட்டுனா செத்துரும்னு சொன்ன?"

ஆஸ்பத்திரி பூராவும் வேடிக்கை பார்த்தது. அதுவரை அந்த வேலையில் நான் அப்படித் தலைகுனிந்து நின்றதில்லை. ஹெட்கிளார்க் போனபிறகு டாக்டர் ஐயா ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு விளக்கினார்.

"புழு கூடு கட்டிக்கிட்டு உள்ள படுத்திருக்கும்யா. அதுக்கு இரையும் வேணாம், ஒண்ணும் வேணாம். மாசக் கணக்குல காத்துக் கெடக்கும். மனுஷன் நடக்குற அதிர்ச்சியும் ஒடம்புச் சூடும் பட்டாத்தான் கூட்ட ஒடைச்சு வெளிய வரும். நீ வீட்டப் பூட்டி அதுகளத் தூங்கவச்சிருக்க. அவர் வந்து எழுப்பிவிட்டாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெத்தைக்கடை வீட்டில் எங்கெல்லாம் அந்த அம்மா நடந்தாரோ அங்கெல்லாம் தெள்ளு வெளியே வந்து, அகப்பட்டு, குறைந்துவிட்டது. அவர் நடக்காத இடம் ஒன்றே ஒன்றுதான். அதைப் பூட்டியே வைக்கச் சொன்னவன் நான். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்கு விரட்டினேன்.

5. ஊசி குத்தியிருந்த மெத்தை

"அம்மா, நான் சொன்னது தப்பு. அந்த ரூமத் தொறக்கணும்" என்றேன் திரையைப் பார்த்து.

பிறகு கேட்டேன். "நவாபு அதுக்குள்ள போகுதாம்மா?"

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சன்னல் கம்பி வழியாத் தெனம் போகும். அவுக தச்சுக்கிட்டு இருந்த மெத்தை மேலதான் படுக்கும். எனக்குத் தெரியும். சொன்னா அடைச்சுருவீகன்னு சொல்லல. அதுவாச்சும் போயி அவுக எடத்தப் பாத்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன்."

இத்தனை சுத்தமாகக் கணக்குச் சொன்னவர் இதை மட்டும் மறைத்திருக்கிறார். கோபப்பட என்ன இருக்கிறது?

காதர் பாய் குறுக்கே வந்தார். "அப்ப நான் உள்ள போயி அந்த மெத்தையத் தூக்கி எரிச்சுருறேன். இம்புட்டு நாளும் அதுக்காகவா…"

"எரிக்க வேணாம் தம்பி" என்றார் ஜுலைகா பீவி.

"எரிக்கத் தேவையில்ல பாய்" என்று நானும் அடித்துச் சொன்னேன். உண்மையில் எனக்கே முழு நம்பிக்கை இல்லை. தல்லாகுளத்து அடி காலையில்தான் பட்டிருந்தது. ஆனால் இந்த முறை எதற்காகச் சொல்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. "பிரிச்சிருவோம். மெத்தை உறைய வெந்நீர்ல வேகவைக்கலாம். பஞ்ச மொட்டமாடி வெயில்ல காயப்போட்டு மறுபடி அடிச்சுக்கலாம். ஆனா மொதல்ல யாராச்சும் உள்ள போயி நல்லா நடக்கணும். படுத்திருக்குறது பூரா எந்திரிச்சு வரணும்."

"நான் போறேன்" என்றார் காதர் பாய்.

"இல்ல, நான் போறேன்" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "எம்மேல வெள்ளை இருக்கு. எனக்குத்தான் எண்ணத் தெரியும்."

நானும் காதர் பாயும் வாசலுக்குப் போய் நின்றுகொண்டோம். மைமூன் வாளியில் சோப்புத் தண்ணீரோடு அறை வாசலில் காத்திருந்தார். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. நாலு மூலைக்கும் தொம் தொம்மென்று நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றுவிட்டது. அவர் வெளியே வரவே இல்லை. பூச்சி அதிகமாக ஏறிவிட்டதோ என்று பயந்து, "அம்மா, வெளிய வந்து சேலைய வாளியில முக்குங்க!" என்று கத்தினேன்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. "எண்ண முடியலண்ணே. சேலை பூராக் கருப்பா இருக்கு." அழுதுகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. "அவுக ஊசி இன்னும் மெத்தையிலயே குத்தி இருக்கு. நூலக்கூட அறுக்கல."

காதர் பாய் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டு முகத்துக்குப் போனது. செத்தவர் தன் அண்ணன் என்பது அந்த மனுஷனுக்கும் அன்றைக்குத்தான் முழுசாக இறங்கியது போல. அதற்கப்புறம் அவர் சாக்கைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மெத்தையை ஜுலைகா பீவியே பிரித்தார். அடுத்த மூன்று நாளும் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது எங்கள் அதிர்ஷ்டம். பஞ்சை மாடியில் பரப்பி, பறக்காமலிருக்க மேலே மீன் வலை போட்டோம். அறைத் தரையில் கொதிதண்ணீர். காலையில் ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை, சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஒருமுறை என்று அவர் அந்த அறைக்குள் நடந்தார். கணக்கும் வந்தது. நாற்பதுக்கு மேல். பிறகு இருபத்தைந்து. பதினொன்று. மூன்று. முப்பத்தெட்டாம் நாள், "சேலையில ஒண்ணுமில்லண்ணே" என்றார். நான் நம்பாமல் என் வேட்டியை நனைத்துக் கட்டிக்கொண்டு, அவர் அடுப்படிக்குப் போனபின் நானும் நடந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

6. நாற்பதாம் நாள்

பாத்தியாவுக்குக் கூடம் நிறைய ஆட்கள். வெள்ளை விரிப்புப் போட்டிருந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தார் காதர் பாய். நான் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, ஆட்களின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் கணுக்காலுக்குக் கையைக் கொண்டுபோனபோது என் உயிர் ஒருமுறை போய்வந்தது. அவர் வேட்டியைத்தான் சரிசெய்தார்.

ஓதி முடிக்கும் நேரத்தில் நவாபு எங்கிருந்தோ வந்து, சபைக்கு நடுவில் விரிப்பின் மேல் நீட்டிப் படுத்தது. காதர் பாய் எழுந்து வந்தார். அவர் பூனையைத் தூக்கி, அது கிடந்த இடத்தைக் குனிந்து உற்றுப் பார்த்தார். வெள்ளையில் ஒரு கரும்புள்ளி இல்லை. பூனையைத் திரும்ப அதே இடத்தில் இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

புறப்படும்போது திரையருகில் நின்று, "வாரேம்மா" என்றேன்.

"இருங்கண்ணே, ஒண்ணு சொல்லணும். அவுக போன நாள்ல இருந்து அந்த ரூமுக்குள்ள கால வைக்க எனக்குப் பயமா இருந்துச்சு. வச்சா செத்துருவேன்னு நெனச்சேன். தெள்ளுக்காகப் போனேன். இப்பத் தெனம் அங்கதான் உக்காந்திருக்கேன். அந்த மெத்தைய நானே தச்சு முடிச்சுட்டேன்."

இத்தா முடிந்தபிறகு அவரே கடைக்கு மெத்தை தைக்க ஆரம்பித்தார் என்று கேள்விப்பட்டேன். நவாபுக்கும் சின்னதாக ஒரு மெத்தை. அதன் உறை கழற்றித் துவைக்கிற மாதிரி இருந்தது. அது நான் சொல்லிக்கொடுத்தது.

இப்போது கடைகளில் டப்பா டப்பாவாகத் தெள்ளு மருந்து விற்கிறார்கள். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து யார் தெள்ளு என்று வந்தாலும், நாயா பூனையா என்றுகூட நான் முதலில் கேட்பதில்லை. "வீட்ல பூட்டிக் கெடக்குற ரூம் ஏதாச்சும் இருக்கா?" என்றுதான் கேட்பேன். இருக்கிறது என்றால், தயங்கினாலும் திறக்கச் சொல்வேன். திறந்து, உள்ளே போய் நடக்கச் சொல்வேன்.